மாதிரிப் பலகை

கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர்த் திராட்சையின் நிறம் யாது என்று கேட்டால், உத்தமபாளையத்துச் சிறுவன் எவனும் தயங்காது விடை கூறுவான். ஒருவன் கருநீலம் என்பான். மற்றொருவன் ஊதா என்பான். மூன்றாமவன் கறுப்பு என்றே சொல்லி முடிப்பான். மூவரும் அப்பழத்தை அடிக்கடி கண்டவர். மூவரும் பொய் கூறியவரல்லர். பந்தலில் தொங்கும் பழத்தின்மீது மெழுகு போன்ற மெல்லிய வெண்பூச்சு படர்ந்திருத்தலின், அஃது அங்கே சாம்பல் கலந்த நீலமாகத் தோன்றும். அப்பூச்சை விரலால் துடைத்த அளவில் நீலம் மறைந்து, கறுப்பை ஒட்டிய செந்நீலம் பளபளக்கும். நசுக்கினாலோ, தோலினின்று வழியும் சாறு சிவந்து காணும். 2023 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்று அப்பழத்தின் பெயர் உறுதிப்பட்டது. நிறத்தின் பெயர் இன்னும் உறுதிப்படவில்லை.

பழத்தை உண்போர்க்கு இவ்வேறுபாட்டால் இழப்பொன்றும் இல்லை. நூலுக்குச் சாயம் தோய்ப்போர்க்கு உண்டு. உத்தமபாளையத்துத் துணிக்கடைக்காரர் ஒருவர், பொங்கல் விற்பனையை எண்ணி, அதே தேனி மாவட்டத்தில் ஆண்டிபட்டியை அடுத்த ஜக்கம்பட்டியில் பருத்திச் சேலை நெய்யும் ஒருவரிடம், “திராட்சை நிறத்தில் சேலை வேண்டும்; கரை மெல்லியதாக இருக்கட்டும்; முந்தியில் கொடி ஓடட்டும்” என்று சொல்லியனுப்பினார் எனக் கொள்க. கேட்டவர் மனத்தில் இருந்தது பந்தலில் தொங்கிய பழம். நெய்பவர் மனத்தில் எழுந்தது சந்தைக் கூடையில் கைபட்டுப் பளபளத்த பழம். மெல்லிய கரை என்பது ஒருவர்க்கு இரண்டு விரல் அகலம். மற்றவர்க்கு அரை விரல். கொடி என்றது திராட்சைக் கொடியையா, மல்லிகைக் கொடியையா, கோயில் தூணிற் காணும் வளைகொடியையா என்பது எவரும் கேளாத வினா. சேலை நெய்து முடிந்து, மடித்துக் கட்டி, கடை வாயிலில் இறங்கிய பின்னரே வேறுபாடு வெளிப்படுமாயின் யார் என் செய்ய இயலும்?

தறியின் இயல்பு அறிந்தார்க்கு இவ்வினாவின் கடுமை விளங்கும். துணியில் நீளவாட்டில் ஓடும் இழைகள் பாவு எனப்படும். குறுக்கே செல்லுபவை ஊடை. ஊடையின் நிறத்தை நடுவில் மாற்றுதல் எளிது. நாடாவினுள் வேறு தார் இட்டால் போதும். பாவோ அவ்வாறன்று. சாயம் தோய்த்து, உலர்த்தி, நீள விரித்துக் கஞ்சியிட்டு, இழை இழையாக விழுதிலும் அச்சிலும் சேர்த்துப் பிணைத்த பின்னரே அது தறி ஏறும். பல சேலைகளுக்குரிய பாவை ஒன்றாகவே ஏற்றுவர். பூவேலைக்கு ஜக்கார்டு என்னும் கருவி பயன்படுமாயின், பூவின் ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வோர் அட்டையாகத் துளையிட்டுக் கோக்க வேண்டும். பின்னர் இதழ் ஒன்றை அகற்ற எண்ணினும், அவ்விதழ் தோன்றும் அட்டைகள் அனைத்தையும் புதிதாகத் துளைக்க நேரும். சேலை தமக்கு ஏலாது என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினால், நூலின் விலையும் சாயத்தின் விலையும் மட்டுமா போகும்? பாவு ஓடியவர், திண்ணையில் அமர்ந்து தார் சுற்றிய முதியவள், தறிக்குழியில் கால் வைத்து நெய்தவர் ஆகிய அனைவர் கூலியும் அந்தத் ‘திராட்சை நிறம்’ என்னும் சொல்லோடு போகும்.

இவ்விடர் நேராமைப் பொருட்டு, பணி தொடங்குமுன் இருவர் கண்முன்னும் வைக்கப்படுவது மாதிரிப் பலகை. தடித்த அட்டை ஒன்றின்மேல், செய்யப்போகும் பொருளின் நிறம், வடிவம், அளவு, மென்மை வன்மை ஆகியவற்றைக் காட்டும் சிறு துண்டுகளையும் படங்களையும் ஒழுங்குற ஒட்டி அமைப்பது அது. உடை வகுப்போர், திரைப்படத்திற்கு அரங்கு அமைப்போர், வீட்டின் உட்புறத்தை அணிசெய்வோர், நூல்களுக்கு மேலட்டை எழுதுவோர், இணையப் பக்கம் அமைப்போர் முதலிய பலரும் இன்று இதனைக் கையாளுகின்றனர். அவர்தம் பேச்சில் ஸ்டைல் போர்டு என்றும் மூட் போர்டு என்றும் இது வழங்கும். முடிந்த பொருளின் படம் இதில் இராது. அப்பொருள் எவ்வகையினது என்பதைக் காட்டும் சான்றுகளே இருக்கும்.

பெயர் புதிதாயினும், ஒன்றைச் செய்யுமுன் அதன் குறிப்பைக் கண்ணுக்குக் காட்டும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. வண்ணம் தீட்டாமல் கோட்டளவில் நிறுத்திய படத்தைப் பண்டைத் தமிழர் புனையா ஓவியம் என்றனர். நெடுநல்வாடையில், தலைவனைப் பிரிந்து அணிகலன் நீக்கியிருக்கும் அரசிக்கு அவ்வோவியம் உவமையாகின்றது. ஒரு பொருள் கேட்போர்க்குப் பழகியதாயிருந்தால் அன்றோ உவமையாக அமையும்! ஆதலின் வரைந்து பார்த்து, பின்னர் வண்ணம் ஏற்றும் முறை அக்காலத்து மக்கள் நன்கு அறிந்ததாதல் வேண்டும். அந்நூலிலேயே மனை வகுப்போர் கயிறு பிடித்து அளந்து திசை குறித்தமையும் கூறப்படுகின்றது. மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாத குடைவரைகளில், பாறையின் முகத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்துக் கொத்திய தடங்களை இன்றும் காணலாம்.

உத்தமபாளையத்திலேயே இதனோடு ஒட்டி எண்ணத்தக்க சான்று ஒன்று உண்டு. ஊரை ஒட்டிய பாறை ஒன்றில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவை கி.பி. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை என்பர் அறிஞர். சில உருவங்களின் அருகே, அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. மதுரையைச் சூழ்ந்த குன்றுகள் பலவற்றில் காணப்படும் அச்சணந்தி என்னும் துறவியின் பெயரும் அவற்றுள் ஒன்று. செய்வித்தோர் வேறு வேறாயினும், அமர்ந்த நிலையும் நின்ற நிலையும் முக்குடையும் பாம்பின் படமும் ஓரொழுங்கில் அமைந்திருத்தல் நோக்கத்தக்கது. சமய மரபு வகுத்த இலக்கணம் அதற்கு முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும் பின்னர் வந்து ஓர் உருவம் செய்விக்க விரும்பியவர், சிற்பியிடம் நீண்ட விளக்கம் கூறியிருக்க வேண்டுவதில்லை; முன்னரே பாறையில் இருந்ததைச் சுட்டி, “இதுபோல் ஒன்று” என்றிருந்தாலே போதும். இது கருத்தளவைதான். ஆயினும் அப்பாறையின் முன் நிற்பார்க்கு இவ்வெண்ணம் தோன்றாமற் போகாது.

கல் நிலைத்து நின்றது, துணி நில்லாது. ஆதலின் ஆடை பற்றிய செய்தியில் தமிழர் இழந்தது மிகுதி. சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், துகில் வகைகளாக 36 பெயர்களை நிரல்படத் தொகுத்து வைத்துள்ளார். கோசிகம், பீதகம், கோங்கலர், சித்திரக்கம்மி, பொன்னெழுத்து, தேவகிரி, வெண்பொத்தி, செம்பொத்தி என அப்பெயர்கள் செல்கின்றன. படிக்குந்தோறும் ஒரு பெருங்கடையின் அடுக்குகள் கண்முன் விரிவது போலத் தோன்றும். ஆயின், கோங்கலர் என்னும் துகில் கோங்கம்பூவின் நிறம் உடையதா, அப்பூவை நடுநடுவே நெய்ததா என்று கேட்டால் துணிந்து விடை கூறுவார் யார்? சித்திரக்கம்மியின் சித்திரம் தறியில் விழுந்ததா, துகிலிகையால் எழுதப்பட்டதா? ஒரு சாண் துணி அப்பட்டியலோடு ஒட்டப்பெற்றிருக்குமாயின், அதனைப் பிரித்துப் பார்த்து இன்றும் நெய்துவிடலாம். சொற்கள் மட்டும் வந்து சேர்ந்தன, துணி சேரவில்லை. புலவர்க்கு அது போதும். நெசவாளர்க்குப் போதாது.

சொல்லோடு பொருளையும் சேர்த்துக் கட்டும் முயற்சி வேறு நாடுகளிலும் நடந்ததுண்டு. எடின்பரோவைச் சார்ந்த பேட்ரிக் சைம் என்னும் ஓவியர் 1814 ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு நூலில், ஒவ்வொரு நிறத்தின் பெயருக்கு எதிரேயும் அந்நிறத்தைத் தீட்டிக் காட்டினார். அதனோடு அமையாமல், அந்நிறம் எந்த விலங்கின் உடலில், எந்தச் செடியில், எந்தக் கனிமத்தில் காணப்படும் என்பதையும் குறித்தார். 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிய சார்லசு டார்வின் அந்நூலைத் தம்முடன் கொண்டு சென்றார். நடுக்கடலில் பிடித்த மீன் இறந்தபின் நிறம் மாறிவிடும். அதற்குள் நூலை விரித்து, ஒப்பிட்டு, பெயரை எழுதி வைத்தல் அவருக்கு வழக்கமாயிற்று. பல்லாயிரம் கல் தொலைவில் இங்கிலாந்தில் இருந்தவரும் அந்த நூலின் படி ஒன்றைத் திறந்து, டார்வின் கண்ட நிறத்தைக் கண்டுகொள்ள இயன்றது.

அந்த நூற்றாண்டிலேயே, நிறத்திற்குப் பதிலாகத் துணியையே ஒட்டிய நூல் ஒன்றும் தோன்றிற்று. அதன் கதை இந்திய நெசவாளர்க்கு இனியதன்று. இலண்டனில் இந்தியப் பொருள்களைப் பற்றி ஆய்ந்து கூறும் பொறுப்பில் இருந்த ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர், இந்நாட்டின் பல பகுதிகளில் நெய்யப்பட்ட துணிகளினின்று 700 மாதிரிகளைத் தேர்ந்தார். அவற்றை வெட்டி ஒட்டி, 18 தொகுதிகளாகக் கட்டினார். அத்தகைய வரிசைகள் 20 செய்யப்பட்டன. 1866 ஆம் ஆண்டில் அவை வெளிவந்தன. 13 வரிசைகள் பிரிட்டனுக்கும் 7 வரிசைகள் இந்தியாவிற்கும் ஒதுக்கப்பட்டன. சென்னை மாகாணத்துத் துணிகளும் அவற்றில் இடம்பெற்றன. துணியின் நீள அகலம், எடை, வாங்கிய இடம் முதலியன மாதிரிகளோடு குறிக்கப்பட்டன. இந்திய மக்கள் எத்தகைய துணியை விரும்பி உடுக்கின்றனர் என்பதை அந்நாட்டு ஆலைக்காரர்கள் கண்ணால் கண்டும் விரலால் தொட்டும் அறிந்து, அவ்வாறே செய்து இங்கு அனுப்புதல் வேண்டும் என்பது அத்தொகுப்பின் நோக்கங்களுள் முதன்மையானது. கடல் கடந்த ஆலை முதலாளிக்கு இந்நாட்டுத் தறியின் நுட்பத்தை நூறு பக்க விளக்கம் உணர்த்தியிராது. ஒட்டப்பட்ட சிறு துண்டு உணர்த்திற்று. மாதிரி யார் கையில் இருக்கின்றதோ அவர்க்கே அது பயன்படும் என்பதற்கு இதனினும் கசப்பான எடுத்துக்காட்டு வேண்டா.

எனினும் காலம் அத்தொகுப்பிற்கு வேறொரு பயனையும் அளித்துவிட்டது. பருத்தி ஆலைகளுக்குப் பெயர்பெற்றிருந்த பிரெஸ்டன் நகரத்து ஹாரிஸ் அருங்காட்சியகத்தில் ஒரு வரிசை காக்கப்பட்டு வருகின்றது. 1866 ஆம் ஆண்டில் இந்நாட்டுக் கரைகளும் கட்டங்களும் எவ்வாறு இருந்தன என்பதை அறிய விரும்புவோர் இன்று அத்தகைய தொகுதிகளையே நாடுகின்றனர். அடியார்க்குநல்லாரின் பட்டியலால் இயலாதது, அன்பின்றிச் சேர்க்கப்பட்ட இத்தொகுப்பால் இயல்கின்றது.

நாடு விடுதலை பெற்றபின் மாதிரியை நெசவாளர் கையிலேயே சேர்ப்பதற்கு முயற்சிகள் தொடங்கின. அனைத்திந்தியக் கைத்தறி வாரியத்தின் கீழ் 1956 ஆம் ஆண்டில் நெசவாளர் சேவை மையங்கள் தோன்றலாயின. புபுல் ஜயகர் அம்மையார் இதில் முன்னின்று உழைத்தார். ஓவியம் பயின்றவரையும் தறியில் பழகியவரையும் சாயம் அறிந்தவரையும் ஒரு கூரையின்கீழ் அமர்த்தியது அம்மையங்களின் சிறப்பு. சென்னை இராசதானிக் கல்லூரியில் பயின்று, பின்னர் சாந்திநிகேதனத்தில் ஓவியம் கற்ற கே. ஜி. சுப்பிரமணியன், 1959 முதல் 1961 வரை பம்பாய் மையத்தில் பணியாற்றினார். அழகிய படம் ஒன்றை வரைந்து கொடுத்துவிட்டால் அது தறியில் ஏறிவிடும் என்று எண்ணிய ஓவியர் எவரும் அங்கே நெடுநாள் அவ்வாறு எண்ணியிருக்க இயலாது. தாளில் வளைந்து ஓடும் கோடு தறியில் படிப்படியாகவே ஏறும். கட்டமிட்ட தாளில் நெடுங்கட்டம் பாவையும் குறுங்கட்டம் ஊடையையும் குறிக்கும். பாவு நெருங்கியும் ஊடை நெகிழ்ந்தும் இருப்பின், தாளில் வட்டமாக இருந்த பூ துணியில் நீண்டுவிடும். இத்தகைய இடர்களைப் பணிக்கு முன்னரே கண்டு களைதற்கே மாதிரிப் படமும் மாதிரித் துணியும் அங்கே செய்யப்பட்டன. சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் அம்மையங்கள் உள்ளன. சேலத்தில் 1960 ஆம் ஆண்டில் கைத்தறித் தொழில்நுட்பக் கல்விக்கெனத் தனி நிறுவனம் ஏற்பட்டது. அகமதாபாதில் 1961 ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம், நெசவோடு நில்லாமல் எல்லாப் பொருள்களின் வடிவையும் கற்பிக்கின்றது.

ஜக்கம்பட்டி நெசவாளர் பாவு ஓடுமுன் ஒரு பலகை செய்ய எண்ணினால், அதனை எவ்வாறு செய்வார்?

முதலில் அவர் கடைகளிற் சென்று வண்ணத்தாள் வாங்குவதைவிட, ஒரு முறை பள்ளத்தாக்கிற்குச் சென்று வருதல் நன்று. பந்தலின்கீழ் நின்று, பழத்தின் நிறத்தோடு இலையின் மேற்புறப் பசுமையையும் அடிப்புறத்து வெளிறிய பசுமையையும், பற்றுக்கம்பியைச் சுருண்டு பிடிக்கும் இளந்தளிரின் செம்மை கலந்த பச்சையையும் காண்பார். தலை நிமிர்ந்தால் மேற்கு மலைத்தொடரின் நீலம். தாழ நோக்கினால் முல்லைப்பெரியாற்று நீர் பாயும் வயல். இவையனைத்தையும் பலகையில் ஏற்ற விழைவு பிறக்கும். இங்கேதான் பழகாதவர் பிழை செய்வர். அழகாகத் தோன்றியதையெல்லாம் ஒட்டிய பலகை, ஒருங்கே பலர் பேசும் கூட்டத்தைப் போல எதனையும் உணர்த்தாது. மலையின் நீலம் எத்துணை இனியதாயினும், சேலையில் அதற்கு இடமில்லையேல் பலகையிலும் இடமில்லை. பழத்தின் நீலம், தளிரின் பச்சை, காம்பின் பழுப்பு ஆகிய மூன்றை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார் எனின், பணியிற் பாதி முடிந்தது.

அடுத்து, தேர்ந்த நிறங்களுக்கு நூல் வேண்டும். தாளில் தீட்டிய நிறமும் நூலில் ஏறிய நிறமும் ஒன்றாக இரா. ஆதலின் சிறு கழிகளைச் சாயத்தில் தோய்த்து உலர்த்தி, அந்நூலையே அட்டையில் சுற்றி ஒட்டுவர். அதுவும் முழுதும் போதியதன்று. பாவு ஒரு நிறமாகவும் ஊடை வேறு நிறமாகவும் இருப்பின், இரண்டும் கலந்து மூன்றாவது நிறம் ஒன்று கண்ணுக்குத் தோன்றும்; துணி அசையுந்தோறும் அது மாறவும் செய்யும். மயில்கழுத்து என்று பெண்கள் விரும்பும் நிறம் இவ்வாறு நீலமும் பச்சையும் இணைந்து பிறப்பதே. அதனை எந்தத் தூரிகையாலும் தாளில் முழுமையாகக் காட்ட இயலாது. பந்தலில் தொங்கும் திராட்சையின் நிறமும் இத்தகையது; கருநீலப் பாவில் செந்நீல ஊடையையும், வேறொரு துண்டில் சாம்பல் ஊடையையும் நெய்து பார்த்தாலன்றி எது பழத்தை ஒக்கும் எனக் கூற இயலாது. ஆகவே கையளவு துண்டுகள் இரண்டு நெய்யப்படும். அதற்குச் செலவாகும் நூல், திருப்பப்பட்ட ஒரு சேலையின் நூலில் சிறு பகுதியே ஆகும்.

இத்துண்டுகளை ஒட்டும் முறையிலும் கருத்து வேண்டும். பாரிசில் கோபலான் என்னும் புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவிற்குத் தலைவராயிருந்த செவ்ரோல் என்னும் வேதியியலறிஞரிடம், கறுப்புச் சாயம் வலுவற்றிருக்கின்றது என்ற குறை வந்தது. அவர் ஆராய்ந்தபொழுது சாயத்தில் குறையொன்றும் காணப்படவில்லை. அக்கறுப்பின் அருகே நெய்யப்பட்ட நீலமும் ஊதாவுமே அதனை வெளிறச் செய்தன. ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தால் கண்ணுக்கு மாறித் தோன்றும் என்னும் உண்மையை அவர் விரிவாக விளக்கி, 1839 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஆதலின் பலகையில் நிறங்களை இடைவெளி விட்டுத் தனித்தனியே ஒட்டுதல் கேட்போரை ஏமாற்றுவதாகும். சேலையில் எவ்வாறு அடுத்தடுத்து வருமோ அவ்வாறே ஒட்ட வேண்டும். அளவும் அவ்வாறே. உடல் நிறம் பெரிய துண்டாகவும், கரை அதன் ஓரத்தில் உண்மையான அகலத்திலும், முந்தியின் பச்சை சிறிதாகவும் இருத்தல் வேண்டும். மூன்றையும் ஒரே அளவுச் சதுரங்களாக வெட்டி ஒட்டினால், கரைக்குரிய சிறு நிறம் உடலோடு சமமாக நின்று முழக்கமிடும்.

கொடிக்குக் கோட்டுப்படம் ஒன்று போதும். திராட்சை இலை ஐந்து மடல்களாகப் பிரிந்திருப்பது. தறியின் கட்டங்களில் அம்மடல்கள் கூர்முனைகளாகிவிடும். ஆதலின் இயற்கை இலையைப் பார்த்து வரைந்த படத்தையும், கட்டத்தாளில் அதுவே மாறி நிற்கும் வடிவையும் அருகருகே வைத்தல் நன்று. கேட்பவர் தாம் இழக்கப்போகும் வளைவை முன்னரே கண்டுகொள்வார். சொற்கள் சிலவே எழுதப்படும்: நூலின் எண், கரையின் அகலம், முந்தியின் நீளம். பலகையில் எழுத்து மிகுமாயின், கண் காண்பதை விட்டுப் படிக்கத் தொடங்கிவிடும்.

இவ்வாறு ஒன்று செய்து முடித்த பின் நெசவாளர் அதனோடு நின்றுவிடாமல், சற்றே வேறுபட்ட இன்னொன்றையும் செய்து உடன் கொண்டு செல்வது அறிவுடைமை. ஒன்றை மட்டும் காட்டினால் கேட்பவர் நன்று என்பார், அல்லது நன்றன்று என்பார். அதற்குமேல் அவரிடமிருந்து அறிய ஒன்றும் இராது. இரண்டைக் காட்டினால் விரல் நீட்டுவார். அந்த விரலே நெசவாளர்க்கு வேண்டுவது. பலகைகள் மிகவும் மெருகேறி, முடிந்த சேலையையே வரைந்தாற்போல் இருத்தலும் தகாது. பணி முடிந்துவிட்டது என்றெண்ணிக் கேட்பவர் சிறு புள்ளிகளைப் பற்றி வழக்காடத் தொடங்குவார். அன்றேல், மாற்றச் சொன்னால் வருந்துவாரோ என்று கூச்சப்பட்டு வாளாவிருப்பார்.

உத்தமபாளையத்துக் கடையில் அவ்விரு பலகைகளும் மேசைமேல் வைக்கப்படுகின்றன. நெசவாளர் முதலில் அவற்றை எடுத்துக்கொண்டு வாயிலுக்கு வருகின்றார்.

“அண்ணாச்சி, உள்ளே எரியும் விளக்கொளியில் வேண்டா, வெளியே வந்து பாருங்கள்” என்கின்றார்.

கடைக்காரர் வெயிலில் நின்று நோக்குகின்றார். செந்நீல ஊடை கலந்த துண்டைத் தொட்டுப் பார்த்து, “இது நசுங்கிய பழம், ஐயா. எனக்கு வேண்டுவது கொடியில் இருக்கும் பழம்” என்று கூறி, சாம்பல் ஊடை இட்ட துண்டின்மேல் விரல் வைக்கின்றார். பிறகு, “ஆனால் விற்பனை நடப்பது உள்ளே, விளக்கொளியில் ஆயிற்றே” என்று தாமே நினைந்து, அதனை மீண்டும் கடைக்குள் கொண்டு செல்கின்றார்.

அவர் ஐயம் நியாயமானது. இரண்டு சாயங்கள் பகலொளியில் ஒன்றுபோலத் தோன்றி, விளக்கொளியில் வேறுபட்டு நிற்றல் உண்டு. ஆதலின் இரண்டு ஒளியிலும் பார்த்து முடிவு செய்தலே முறை. கரையின் அகலம் மிகுதி என்கின்றார். நெசவாளர் ஒரு தாளால் கரைத்துண்டின் பாதியை மறைத்துக் காட்டுகின்றார். அவ்வளவே போதும் என்று உடன்படுகின்றார் கடைக்காரர். கால் நாழிகையில் முடிந்த இம்மாற்றம், தறி ஏறியபின் பல நாள் உழைப்பை விழுங்கியிருக்கும்.

இக்காலத்தில் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பிவிட்டால் இத்தனை அலைச்சல் வேண்டா என்பர். வடிவத்தையும் அமைப்பையும் காட்ட அது மிகவும் உதவும். தொலைவில் உள்ளவர்க்கு வேறு வழியும் இல்லை. நிறத்தைப் பொறுத்தவரை அதனை நம்புதல் ஆகாது. துணி, தன்மீது படும் ஒளியைத் திருப்பி அனுப்பி நிறம் காட்டுவது. கைப்பேசித் திரையோ சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூவகை ஒளியைத் தானே உமிழ்ந்து நிறம் காட்டுவது. ஒருவர் திரை பளிச்சென்றும் மற்றவர் திரை மங்கியும் இருக்கும். இணையப் பக்கம் அமைப்போர்க்கு அவர் செய்யும் பொருள் திரையிலேயே வாழ்வது ஆதலின், பலகையையும் திரையிலேயே அமைக்கின்றனர்; அது பொருந்தும். சேலை திரையில் வாழ்வதன்று. அஞ்சலில் ஒரு விரற்கடை நூல் அனுப்புதல் அதற்கு மேலானது.

கடைக்காரர் உடன்பட்ட பலகையில் இருவரும் நாளிட்டு ஒப்பமிடுவர். கைவிட்ட பலகையையும் நெசவாளர் எறிந்துவிடுவதில்லை. நசுங்கிய பழத்தின் நிறத்தை விரும்புவோர் வேறு யாரேனும் வருதல் கூடும். ஒப்பமிட்ட பலகை தறிக்கு அருகே, கண்ணுக்கு எட்டும் சுவரில், நேர்வெயில் படாத இடத்தில் மாட்டப்படும். சாயம் தோய்ப்பவர் கழியைத் தூக்கி அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். கணவருக்குப் பதிலாகச் சிறிது நேரம் தறியில் அமரும் மனைவி, கரைக்கு எத்தனை இழை என்று எவரையும் கேட்க வேண்டுவதில்லை. நிமிர்ந்து நோக்கினால் போதும். கடைசிச் சேலை தறியினின்று அறுக்கப்படும் நாளில், பாவின் எச்சத்தில் ஒரு சாண் துணி மிகும். அதனை வெட்டி, முன்னர்க் கோட்டுப்படம் இருந்த இடத்தின்மேல் ஒட்டி, நூலின் எண்ணையும் சாயத்தின் அளவையும் ஆண்டையும் பின்புறத்தில் எழுதி, பலகையைப் பெட்டியினுள் வைப்பர்.